எடை போடாத பை

பையைக் கீழே வைக்கச் சொன்னார் முகமது இஸ்மாயில். காலை ஆறரை மணி இருக்கும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அப்போதுதான் ஒவ்வொரு கிடங்காகக் கதவு திறந்துகொண்டிருந்தது. அவர் கையில் சாயா கிளாஸ், தோளில் துண்டு. பாலக்காட்டு ராவுத்தர், சுமட்டுத் தொழிலாளர் யூனியனின் கன்வீனர். எங்கள் கடைத்தெருவில் ஒரு மூட்டை லாரியிலிருந்து கிடங்குக்குப் போனாலும் கிடங்கிலிருந்து வள்ளத்துக்குப் போனாலும் அவருடைய ஆட்களின் தலையில்தான் போக வேண்டும். வேறு தலைகளுக்கு அந்த உரிமை கிடையாது. என்னிடமிருந்தது தலைச்சுமை அல்ல, முதுகில் மாட்டும் கான்வாஸ் பை என்று விளக்க முயன்றேன். தலையானாலும் முதுகானாலும் சுமடு சுமடுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் பையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"உள்ள எந்தா?"

"அரிசி, இக்கா. பதினஞ்சு கிலோ."

"எங்க எறக்கணும்?"

"எங்கேயும் எறக்க வேண்டாம். தோப்பும்படிப் பாலம் வரை போயிட்டுத் திரும்ப இங்கேயே கொண்டு வந்துடுவேன்."

"இங்கேர்ந்து எடுத்து இங்கேயே எறக்கறதா?"

"ஆமாம்."

"அப்போ எதுக்குடா மோனே எடுத்தே?"

இந்தக் கேள்விக்கு மலையேறுகிறவர்கள் யாரும் இதுவரை உருப்படியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை. நானோ வெறும் வயிற்றில் இருந்தேன். பையைக் கீழே வைத்தேன்.

எங்கள் கல்லூரி எர்ணாகுளத்தில், காயலுக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு மலையேற்றக் கழகம் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் அதன் அறை. மழைக்காலத்தில் அந்த ஐந்தடியும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். கழகம் அதுவரை எட்டிய உயரங்களைப் பட்டியல் போட்டு நான் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கேண்டீன் மொட்டைமாடி அதில் முதலிடம் பெற்றது. கழகச் செயலாளர் பிச்சுமணி அதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அவன் மட்டும்தான் கழகத்தில் நிஜமான பூட்ஸ் வைத்திருந்தவன். அவன் பேசாததால் ஊக்கம் பெற்று, இரண்டாம் பாகத்துக்குக் குறிப்பு எடுக்கலாமென்று, கழகத்தின் ஆலோசகரான நல்லசிவம் சார் ஸ்லைடு காட்டிய அன்று போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சார் தாவரவியல், நாகர்கோவில்காரர், இளமையில் ஒருமுறை இமயமலைப் பக்கம் போய்வந்தவர். படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டிப் படம் காட்டினார். மூன்றாவது படத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வெள்ளைச் சரிவு, அதற்கு மேல் கறுப்பை எட்டும் நீலம். மெஷினில் கோளாறு என்று நினைத்தேன். ஆகாயம் அங்கே அந்த நிறம்தான் என்றார் சார். எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தவன் ஒன்றும் எழுதாமல் மூடினேன். கேலி செய்ய எதுவும் தோன்றாமல் போனது அதுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

அந்த மே மாதம் கழகம் ஆறு பேரைக் கார்வாலுக்கு அனுப்புவதாக இருந்தது. பதினாறாயிரம் அடிச் சிகரம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வரைபடத்தில் ஒரு எண் மட்டும் போட்டிருந்தது. பதினைந்து பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பதினாறாவதாக நான் போய் நின்றதும் எல்லோரும் சிரித்துவிட்டு, நான் அடுத்த வரியைச் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அடுத்த வரி இல்லை. பிப்ரவரி கடைசி ஞாயிறு மூணாறுக்கு மேலே ஒரு மலையில் பரீட்சை, முதுகில் பதினைந்து கிலோவோடு உச்சிக்கு முதலில் வரும் ஆறு பேர் தேர்வு என்று நல்லசிவம் சார் சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார். வெங்கிடேஸ்வரன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

வீட்டில் மலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா, மகரவிளக்கு இப்போதுதானே முடிந்தது, இனி அடுத்த கார்த்திகையில்தானே மாலை போட முடியும் என்றாள். எங்கள் வீட்டில் மலை என்றால் ஒரு மலைதான். இது வேறு மலை, சாமி கிடையாது, பனிதான் என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. சாமி இல்லாத மலைக்கு எதற்கு இத்தனை தூரம் போக வேண்டும் என்று அவள் கேட்டாள். இஸ்மாயிலிக்கா பிற்பாடு கேட்டதும் ஏறக்குறைய அதேதான். அப்பா மட்டும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் ஒரு மிளகு, சுக்கு வியாபாரியின் கிடங்கில் தராசுக்காரர். இருபத்தாறு வருஷமாக முள்ளைப் பார்த்துப் பார்த்து, மனுஷர்களையும் அந்த மாதிரி கொஞ்ச நேரம் அசையாமல் பார்ப்பது அவர் வழக்கம்.

"எழுதறதுக்குத்தானே போறே?"

"இல்லை."

"கேலி பண்றதுக்கு இல்லே?"

"இல்லைப்பா."

"சரி. ஆறு பேர்ல ஒருத்தனா வா. கையெழுத்துப் போடறேன்."

அப்பாவின் கையெழுத்து இல்லாமல் யாரையும் கூட்டிப்போவதில்லை என்று கழகத்தில் விதி. ஆக, ஆறில் ஒருவனாக வந்தால் மலை. ஏழாவதாக வந்தால் இரண்டாம் பாகம். எனக்கு இரண்டாம் பாகம் எழுதும் ஆசை போய்விட்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் சிரித்திருப்பார்கள்.

பயிற்சி எங்கே செய்வது என்பதுதான் பிரச்சினை. மட்டாஞ்சேரியில் மேடென்று சொல்லக்கூடியது தோப்பும்படிப் பாலம் ஒன்றுதான். அடுத்தது அப்பாவின் கிடங்கில் மாடிக்குப் போகும் மரப்படி, இருபத்திரண்டு படிகள். இரண்டையும் என் இமயமலையாக வரித்துக்கொண்டு மூன்றாம் நாள் கிளம்பியபோதுதான் இஸ்மாயிலிக்காவிடம் மாட்டிக்கொண்டேன். யூனியன் கமிட்டி அன்று மாலையே கூடியது. என் விஷயத்தில் அவர்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை. இன்று தராசுக்காரச் சாமியின் மகன் சும்மா சுமப்பான், நாளை எந்த முதலாளியாவது தன் மைத்துனனை அனுப்பி மலைக்குப் போகப் பயிற்சி என்பான், அப்புறம் எங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டார்கள். நியாயம்தான். பயிற்சியைத் தடுக்க மாட்டோம், ஆனால் பையை உறுப்பினர்தான் எடுப்பார் என்று முடிவாயிற்று. உறுப்பினராக வந்தவர் ஒச்சப்பன்.

ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். என்னைவிட இரண்டு வயது பெரியவர், என்னைப்போல் இரண்டு மடங்கு அகலம். முக்கால் குவிண்டால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெற்றிலை போடக்கூடியவர். ஒரு வாரம் அவர் என் பையைச் சுமந்துகொண்டு முன்னால் போக, நான் கைவீசிப் பின்னால் போனேன். தோப்பும்படிப் பாலத்தின் நடுவில் நின்று இருவரும் காற்று வாங்குவோம். திரும்பி வந்ததும் அவருக்குக் கூலியாக ஒரு சாயாவும் பருப்புவடையும். பஜார் ரோட்டில் எனக்குப் பட்டாளத்துத் துரை என்று பெயர் வந்தது. ஒச்சப்பன்தான் வருத்தப்பட்டார்.

"இப்பிடியே போனா நாந்தேன் இமயமல ஏறுவேன் சாமி. நீங்க கீழ நின்னு கை தட்டணும்."

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். யூனியனின் கூலிப் பட்டியலில் மிளகு மூட்டை, சுக்கு மூட்டை, தேயிலைப் பெட்டி, அலமாரி, ஆட்டுக்கல் எல்லாம் உண்டு. ஆள் கிடையாது. ஆளைச் சுமக்க யாருக்கும் தடையில்லை. எனவே பையை ஒச்சப்பன் சுமப்பார், சட்டப்படி. ஒச்சப்பனை நான் சுமப்பேன். இதைக் கேட்டு ஒச்சப்பன் கிடங்குப் படிகளைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"விழுந்தா யாரு மேல யாரு விழுகுறது?"

"நீங்க என் மேல."

"அப்பச் சரி, ஏறலாம்."

மூன்று படி ஏறினேன். பதினைந்து கிலோவுக்குப் பதிலாக ஏறக்குறைய எண்பத்தைந்து. இதைக் கணக்குப் பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். நான்காவது படியில் முழங்கால் ஒன்று தனி முடிவு எடுத்தது. ஒப்பந்தப்படியே ஒச்சப்பன் என் மேல் விழுந்தார், பை ஒச்சப்பன் மேல் விழுந்தது, மூவருமாக உருண்டு போய் அப்பாவின் தராசுக்கு அடியில் நின்றோம். அப்பா அப்போதுதான் வந்து தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு இஸ்மாயிலிக்காவும் இரண்டு மூன்று பேரும் உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டறிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் சாக்கின் மேல் உட்கார்ந்தே விட்டார். சிரிப்பு அடங்கிய பிறகு இஸ்மாயிலிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சரி, ஆனால் நியமம் நியமம்தான் என்றார்.

அப்பா துணியை உதறி மடித்தார். "இஸ்மாயிலே, ஒரு கார்யம் கேக்கறேன். சரக்குன்னா என்ன?"

"சாமி அறியாததா?"

"தராசுல ஏறினாத்தான் சரக்கு. இங்க தரையில உதுந்து கெடக்கற மொளகைப் பெருக்கறவ கூட்டி முறத்துல அள்ளிண்டு போறா. நீங்க தடுக்கறதுண்டோ? இல்லே. ஏன்? எடை போடல்லே. அதனால அது சரக்கில்லே, குப்பை. என் பிள்ளை முதுகுல கெடக்கற பையை யாராவது தராசுல வச்சாளோ?"

இஸ்மாயிலிக்கா துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். அவர் யோசிக்கும்போது அப்படிச் செய்வார். அப்பா எனக்காக வாதாடி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தபோதுகூட, எந்த பெஞ்சு என்றுதான் கேட்டார்.

"எடை போட்டா?"

"போட்ட நிமிஷம் உன் ஆள் எடுத்துக்கட்டும்."

"சம்மதிச்சு" என்றார் இஸ்மாயிலிக்கா. "எடை போடாத்த காலத்தோளம் அது குப்பை. குப்பையை யாரும் எடுக்கலாம்."

இவ்வாறாக நான் குப்பை சுமக்கும் உரிமை பெற்றேன். ஆனால் எடை போடாமல் பதினைந்து கிலோவை எப்படி நிரப்புவது? கையாலேயே எடை சொல்லத் தெரிந்தவர் நிரப்ப வேண்டும் என்று அப்பா தானே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அரிசி வீட்டுக்கு வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கொட்டிவிட்டு, கிடங்கில் கிடைத்ததைப் பை நிறைய நிரப்பி, கோணி ஊசியால் வாயைத் தைத்துக் கொடுத்தார். முதல் நாள் சுக்கு வாசனை வந்தது. மாட்டிக்கொண்டதும் எனக்கே ஆச்சரியம். ஒரு வாரம் சும்மா நடந்ததிலேயே இத்தனை பலம் வந்துவிட்டதா? பாலத்துக்கு ஓடியே போய்வந்தேன். கல்லூரியில் பிச்சுமணியிடம், பதினைந்து கிலோவெல்லாம் எனக்கு முதுகில் இருப்பதே தெரிவதில்லை என்று அறிவித்தேன். அவன் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

இரண்டாம் வாரம் மிளகு வாசனை. முதுகில் இருப்பது கொஞ்சம் தெரிந்தது. பிறகு ஒரு நாள் அரிசியின் சலசலப்பு. படியில் மூச்சு வாங்கிற்று. அதற்கும் பிறகு எந்த வாசனையும் வரவில்லை. அந்த நாட்களில் நான் பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று போனேன். கிடங்குப் படியில் பதினைந்து தடவை ஏறி இறங்கியவன் ஆறுக்கு வந்துவிட்டேன். சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. இத்தனை வேர்வையா என்று அதில் ஒரு பெருமை மட்டும் மிச்சமிருந்தது. அம்மாதான் துவைக்கும்போது கவலைப்பட்டாள். ஒரு மனுஷன் உடம்பில் இவ்வளவு உப்பு இருக்கக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமல், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல் என்றார். யூனியன் விடுவித்த பிறகும் ஒச்சப்பன் பருப்புவடைப் பழக்கத்தால் தினமும் என்னோடு வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் பையைத் தூக்கி என் முதுகில் மாட்டிவிட்டவர், சட்டென்று திரும்பி உள்ளே அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, கால அகட்டி வச்சு நடங்க என்றார் ஒச்சப்பன்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது பாலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கீழே மீன்பிடி வள்ளங்கள் போய்க்கொண்டிருந்தன. அதே பை, அதே பாதை. நாளுக்கு நாள் குறைவது நான்தான். இப்படி ஒரு பயிற்சி உலகத்தில் உண்டா, செய்யச் செய்ய பலவீனம் வரும் பயிற்சி? எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அழுகையை வரவழைத்தது. ஒச்சப்பன் அந்தப் பக்கம் திரும்பி நின்று வெற்றிலை மடித்தார். கிடங்குக்குத் திரும்பியதும் நேரே அப்பாவிடம் போனேன்.

"பேரை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு பலம் கொறைஞ்சுண்டே வரது."

"வேடிக்கைக்குச் சொல்றயா, நெஜமாவா?"

"நெஜமா."

அப்பா முள்ளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

"இது பதினஞ்சுதானேப்பா?"

"எடை கேக்கப்படாது. கேட்டா சரக்காயிடும்."

"சொல்லுங்கோ."

"அளவு அதே அளவுதான். இதே பை, இதே நெறைவு. ஞாயித்துக்கெழமை ஏறிப் பாரு. அப்பறமும் வேண்டாம்னாக்க வாபஸ் வாங்கிக்கோ, கேட்டயா." பையின் வாயில் ஒரு தையல் விட்டிருந்தது. ஊசியில் சணல் கோர்த்து அதை இழுத்துத் தைத்தார்.

மூணாறுக்குப் பஸ்ஸில் போனோம். பதினாறு பேர், பதினாறு பைகள். ஞாயிறு விடியலில் தேயிலைத் தோட்டத்துக்கு மேல், புல்சரிவு தொடங்கும் இடத்தில், எல்லோரும் கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றோம். தொழிலாளிகள் கிள்ளிவரும் கொழுந்தை நிறுக்கிற தராசு ஒன்றை நல்லசிவம் சார் தோட்டத்தில் இரவல் வாங்கி, முக்காலி போட்டுத் தொங்க விட்டிருந்தார். ஒவ்வொரு பையாகக் கொக்கியில் மாட்டினார். பிச்சுமணியின் பை மிகச்சரியாகப் பதினைந்து. வேறொருவனின் பை பதினான்கரை, ஒரு கல்லைப் போட்டுக் கட்டச் சொன்னார். கடைசியில் என் பை. முள் பதினைந்தில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சார் தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடி பிச்சுமணியின் பையை மாட்டினார். பதினைந்து. மறுபடி என்னுடையது.

"என்னடே இது. இருவத்தி மூணு காட்டுது."

எனக்குத் தெரியாது என்றேன். சார் கத்தியால் தையலை அறுத்துக் கையை விட்டு, வெளியே எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கல்லுப்புல்லாடே! நீ எங்க போறதா நெனச்சு வந்தே, உப்புச் சத்தியாகிரகத்துக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், என்னுடைய துறை அது. சுக்கு, மிளகு, அரிசி, உப்பு என்று என் மனம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அதே பை, அதே நிறைவு. அப்பா பொய் சொல்லவில்லை, ஒரு வார்த்தைகூட. நான் தோப்பும்படிப் பாலத்திலேயே களைத்து விழுந்து, போதும் என்று வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காக அதைச் செய்தாரா, இந்த மலைக்காகச் செய்தாரா? இரண்டுக்கும் அதே முகத்தோடுதான் தைத்திருப்பார்.

"எத்தன நாளா இதச் சொமந்துக்கிட்டு நடந்தே?" என்று சார் கேட்டார்.

"ஒரு வாரம் இருக்கும் சார். அதுக்கு முன்னாடி அரிசி."

பிச்சுமணியின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றிருந்தது. அவன் குனிந்து, கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினான். சார் எட்டு கிலோ உப்பை அள்ளிப் புல்லில் கொட்டினார். முள் பதினைந்துக்கு வந்தது. பையைக் கட்டி அவரே என் முதுகில் மாட்டிவிட்டார். பை இன்னும் வரவில்லை என்று நினைத்து நான் கையைப் பின்னால் நீட்டித் தேடினேன். அதற்குள் தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு மாடு ஏறிவந்து, உப்புக் குவியலின் ஓரத்தில் நின்று, யாருடைய அனுமதியும் கேட்காமல் நக்க ஆரம்பித்திருந்தது.

மேலே சரிவு முழுக்க மஞ்சு. உச்சி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, எத்தனை பேர் எனக்கு முன்னால் போவார்கள் என்றும் தெரியவில்லை. சார் விசில் ஊதினார். முதல் அடி எடுத்து வைத்தேன். கால் தேவைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்து, அங்கே இல்லாத ஒரு படியைத் தேடிவிட்டு இறங்கியது. இரண்டாவது காலும் அப்படியே. கொக்கு மாதிரி நடக்கிறான் பார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. அடுத்த தடவை இன்னும் தள்ளி. சரியாக நடக்க வேண்டுமென்று கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். ஒவ்வொரு அடியிலும் பூமி, நான் எதிர்பார்த்த இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே இருந்தது.